பைபர் போட்டில விஎச்எஃப் றேடியோ எடுக்கேல்லையா? அன்ரெனாவில பிழையில்லை

அன்ரெனாவ மாத்த வேணாம், அதுக்குக் கீழ உலோகம் இல்லாததுதான் பிரச்சினை. லொறிக் கூரையில வச்சுப் பாக்கேக்க நல்லா எடுத்த அதே காந்த அன்ரெனா பைபர் போட்டுக்கு மாத்தினதும் கொட்டியாரக் குடாவுக்குள்ள நிண்டே மூதூர்ப் பக்கம் கேக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள், அது கால் அலை அன்ரெனா, குச்சி றேடியோ அலையின்ட நீளத்தில காற்பங்கு, அந்தக் குச்சி அன்ரெனாவில பாதிதான், மிச்சப் பாதி லொறிட தகரக் கூரை, பைபரில அது கிடையாது.

போட் விஎச்எஃப் ஓடுற 156.8 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலை கிட்டத்தட்ட 48 சென்ரிமீற்றர். அந்த நீளத்தில நாலு செப்புக் கம்பி வெட்டி, குச்சிக்கு அடியில, கேபிளின்ட வெளிப்பின்னல் வந்து சேர்ற இடத்தில நாலு பக்கமும் விரிச்சுக் கட்டுங்கோ, கிடையா விடாம 45 பாகை கீழ சரிச்சு விட்டா றேடியோவும் கேபிளும் எதிர்பாக்கிற 50 ஓமுக்குக் கிட்ட வரும். பிறகு எஸ்டபிள்யூஆர் மீற்றரப் (அன்ரெனாவில இருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருதெண்டு காட்டுறது) போட்டு, றேடியோவ 1 வோட்டில மட்டும் வச்சுப் பேசுற பொத்தான அமத்திப் பாருங்கோ. 1.5க்குக் கீழ எண்டா காணும், 3க்கு மேல நிண்டா முழுச் சக்தியான 25 வோட்டுக்குப் போகவே வேணாம். 16ஆம் சனலில சோதிக்காதீங்கோ, அது ஆபத்துக்குக் கூப்பிடுறது.

கம்பி கட்டியும் மீற்றர் இறங்கேல்லையெண்டா பிளக்கக் கழட்டிப் பாருங்கோ, பின்னல் பச்சை பிடிச்சிருந்தா உப்புத்தண்ணி உள்ள போயிட்டுது, அந்தத் துண்ட வெட்டி எறியுங்கோ, சுரண்டி மினுக்கிறது வீண் வேலை.

காசிருந்தா அரை அலை போட் அன்ரெனா வாங்கலாம், அதுக்குக் கீழ தகடு தேவையில்லை. ஆனா கடையில 9 டிபி கெயின் (கதிர ஒரு பக்கமாக் குவிக்கிற அளவு) எண்டு ஏத்தி விடுவாங்கள், கவனம், கெயின் கூடக் கூட கதிர் ஒடுங்கும், சின்னப் போட் ஆடேக்க அது வானத்துக்கும் தண்ணிக்கும்தான் போகும். உயரம்தான் முக்கியம், 3 மீற்றரில வச்சா அடிவானம் 7 கிலோமீற்றரளவுதான், மற்றப் பக்க அன்ரெனா உயரமா நிண்டா அதின்ட தூரமும் இதோட சேரும்.