அப்பாரு வைத்திருந்த பிஸ்டல் மாதிரியே ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பாரு லைசென்ஸில் வைத்திருந்த வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல், அப்பாவுக்கு அப்புறம் என் லைசென்ஸுக்கு வந்தது. தோட்டத்துச் சாளைக்கு இரட்டைக் குழல் துப்பாக்கிதான் தோது என்று 2011ல் கோவையில் ஒரு கடையில் அதைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து மனசே ஆறவில்லை. இப்போது தாராபுரத்தில் ஒருவர் அதே மாதிரி ஒன்றை விற்கிறார். வாங்கலாமா?
- காங்கேயம் வாசகர்

பதில்: முதலில் பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணை தாராபுரத்துப் பிஸ்டலில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் 'ஒருவேளை அதுதானோ' என்று காலத்துக்கும் அரித்துக்கொண்டே இருக்கும்.

எண் வேறு என்றால் அது அப்பாருவுடையது இல்லை. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் அப்பாவின் ஒற்றைக் குழலை ஒரு பணமுடையில் விற்றுவிட்டு, ஏழெட்டு வருசம் கழித்து அதே கம்பெனி, அதே மாடல் கிடைத்தது என்று ஓடிப்போய் வாங்கினேன். அப்பாவின் கன்னம் பட்டுப் பட்டு வார்னிஷ் போயிருந்த இடம் இதில் பளபளவென்று இருந்தது. அன்று ராத்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் வாங்கியதற்கு வருத்தமில்லை. எண்ணெய் போட்டு, துடைத்து, பழகப் பழக அது என்னுடையதாக ஆகிவிட்டது. உங்களுக்கும் அப்படி ஒன்று போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்பாருவே திரும்பி வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

சரி, பொருளைப் பார்ப்போம். இந்தப் பிஸ்டலில் ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் போகும் பாகத்தை மறுபடி முன்னால் தள்ளுவது) V வடிவத்தில், வலதுபக்கக் கைப்பிடித் தகட்டுக்கு உள்ளே இருக்கும். அந்தத் தகடு கெட்டி ரப்பர், வயசான ரப்பர் சட்டென்று விரிசல் விட்டுவிடும், அதனால் நீங்களே திருப்புளியை எடுத்து ஆராய்ச்சி செய்யாமல் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கை விட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேகஸின் (தோட்டா அடைக்கும் கூடு) அந்தப் பிஸ்டலோடு வந்ததுதானா என்று கேளுங்கள், தனியாகத் தேடினால் லேசில் அமையாது. தோட்டா விஷயத்திலும் ஏமாற வேண்டாம். இதற்கு வேண்டியது 7.65 மி.மீ. பிஸ்டல் தோட்டா. கான்பூர் ரிவால்வருக்குப் போடும் .32 நீளமானது, இதில் சேராது.

ஆயுதச் சட்டத்தில் வந்த 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உங்களிடம் இரட்டைக் குழல் மட்டும் இருந்தால் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பிஸ்டலை லைசென்ஸில் சேர்க்க அனுமதி வாங்குங்கள். விற்பவரும் யாருக்கு விற்கிறார் என்று எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுத்துத்தான் கைமாற்ற முடியும். ஆசை அவசரத்தில் அதற்குள் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அந்த 45 நாளும் உங்களுக்கு நல்லதுதான், நாற்பதாம் நாளிலும் அதே ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.