திண்ணையில் படுத்திருந்த தாத்தா

தம்பி, வெளிநாட்டில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது, ஒரு கதைகூட எழுத முடியவில்லை, நேரமில்லாததுதான் காரணமா, மொழியே விட்டுப்போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நேரத்தின் மேல் பழி போடாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்கும் இதே இரட்டைப் பிழைப்புதான். நீண்ட விடுமுறைகளில்தான் நான் மிகக் குறைவாக எழுதியிருக்கிறேன்.

கோளாறு வகுப்பறையில் இருக்கிறது. நம் மொழி தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்க நிறுத்தி, எளிமையாக்கி, ஒன்றையே மூன்று விதமாகச் சொல்லிப் பழகிவிடுகிறோம். ராத்திரி எழுத உட்கார்ந்தாலும் உள்ளே இருக்கும் வாத்தியார் எழுந்து போகமாட்டார். வந்த மூன்றாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். அதில் ஒரு வாக்கியம்: ‘வீட்டின் முன்புறம் உட்காருவதற்காகக் கட்டிய மேடையான திண்ணையில் தாத்தா படுத்திருந்தார்.’ தமிழ்ப் பத்திரிகைக்கு! ஆசிரியர் ‘திண்ணையில் தாத்தா படுத்திருந்தார்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘இது யாருக்கு?’ என்று எழுதித் திருப்பியிருந்தார். ஒரு வாரம் கோபமாக இருந்தது. தாளைக் கிழிக்கவில்லை, இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எழுதும்போதெல்லாம் என் அக்காவை எதிரில் உட்கார வைத்துக்கொள்கிறேன், மனத்தில்தான். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னால் கொட்டாவி விடுவாள். இங்கத்திய சமாசாரம் என்றால் ‘அதெப்படி?’ என்பாள். அந்த இடத்தில் மட்டும் விளக்கினால் போதும்.

இன்னொன்று, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஆசியப் பிரிவில் ஒரு சனிக்கிழமையைச் செலவழியுங்கள். மைசூரில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஏ.கே. ராமானுஜன், 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில், தான் கற்றிராத பழந்தமிழுக்கு ஓர் இலக்கண நூல் தேடி நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கினார். கையில் அகப்பட்டது குறுந்தொகை. 1967-இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அவரும் வாத்தியார்தான், ஆனால் திணை, துறை விளக்கங்களைப் பின்னுரைக்குத் தள்ளிவிட்டுக் கவிதைகளை அவற்றின் போக்கில் விட்டார்.

ஊரைப் பற்றி எழுதுவதா இங்கே நடப்பதையா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். இந்த எட்டு மாதத்தில் பாதியில் விட்ட கதை ஏதாவது இருக்குமே, அதை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால், ‘அதாவது’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.