25,000 டொலரைக் கொடுக்க முன்: ரென்ட்-டு-ஓன் வீடும் ஒப்ஷன் கட்டணமும்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த வீடு ஒருபோதும் இருந்ததில்லை. நான் பி.எஸ்.டபிள்யூ (முதியோர், நோயாளர் பராமரிப்பு) வேலை செய்கிறேன், டி4 என்ற வருஷச் சம்பளப் பத்திரத்தில் 52,000 டொலர். கணவர் கிளீனிங் சப்-கொன்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். செலவு கழித்து அவர் வரிக்குக் காட்டுவது 38,000. கடன் அட்டைகளில் சிக்கி இருவரும் கன்ஸ்யூமர் ப்ரொப்போசல் (கடனின் ஒரு பகுதியை மட்டும் கட்டித் தீர்க்கும் சட்ட ஏற்பாடு) போட்டு, போன வருஷம்தான் கட்டி முடித்தோம். வங்கி மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தராது என்று சொல்லிவிட்டது. ஒரு நிறுவனம் ஒஷாவாவில் ஒரு செமி வீட்டை (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது) ரென்ட்-டு-ஓன் முறையில், அதாவது வாடகைக்கு இருந்து பிறகு வாங்கும் முறையில், தருகிறது. இன்றைய விலை 640,000. வருஷம் 3 வீதம் கூட்டி, மூன்று வருஷத்தில் 699,345 டொலருக்கு நாங்கள் வாங்கலாம். இப்போது ஒப்ஷன் கட்டணம் 25,000, நிர்வாகக் கட்டணம் 3,500. மாத வாடகை 3,200, அதில் 500 டொலர் எங்கள் பெயரில் சேருமாம். சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது. சனிக்கிழமை கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சனிக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டாம். இந்தத் திட்டத்தில் உங்கள் 25,000 டொலர் திரும்பி வராமல் போவதற்கான வாய்ப்பே அதிகம். அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. நீங்கள் எழுதிய எண்களை வைத்தே சொல்கிறேன்.

அந்த 25,000 டொலரை டவுன் பேமென்ட், அதாவது வீடு வாங்கும்போது கையிலிருந்து போடும் பணம், என்று நினைத்துத்தான் பலரும் கொடுக்கிறார்கள். உண்மையில் அது, குறித்த காலத்துக்குள் குறித்த விலைக்கு அந்த வீட்டை வாங்கும் உரிமைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. வாங்கினால் விலையில் கழிப்பார்கள். வாங்க முடியாமல் போனால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், காசு அவர்களுக்கே. மாதம் 500 படி சேர்ந்ததும் அப்படித்தான். ஆகவே பணத்தைக் கொடுக்க முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்று வருஷம் முடிகிற அன்று வங்கி உங்களுக்கு மோர்ட்கேஜ் தருமா?

கணக்கைப் பாருங்கள். கனடாவில் 500,000 டொலர் வரை 5 வீதமும், அதற்கு மேல் 10 வீதமும் குறைந்தபட்ச டவுன் பேமென்ட். 699,345க்கு அது 44,935 டொலர். மீதிக் கடன் 654,411. இருபது வீதத்துக்குக் குறைவாகப் போடுவதால், நீங்கள் கட்டாமல் போனால் வங்கியைக் காக்கும் மோர்ட்கேஜ் காப்புறுதி வேண்டும். உங்கள் நிலையில் அது கடனில் 4 வீதம், 26,176 டொலர். அதைக் கடனோடு சேர்த்தால் 680,587. வங்கி உங்களை இன்றைய வட்டியில் பரிசோதிக்காது, அதற்கு மேல் 2 வீதம் கூட்டித்தான் பார்க்கும். வட்டி 4.5 என்று வைத்தால் பரிசோதனை 6.5 வீதத்தில் நடக்கும். 25 வருஷக் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 4,559 டொலர் வரும். வீட்டு வரிக்கும் ஹீட்டிங்குக்கும் 600 போட்டால் 5,159. காப்புறுதி தரும் அரச நிறுவனமான சி.எம்.எச்.சி யின் விதிப்படி இந்தச் செலவு மொத்த வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் உங்கள் இருவரின் வருமானமும் சேர்ந்து வருஷம் ஏறத்தாழ 159,000 டொலராக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் இருவருக்கும் 90,000. அதற்கு இதே கணக்கில் கிடைக்கக்கூடிய கடன் ஏறத்தாழ 347,000 டொலர்தான். கார்க் கடன் இருந்தால் அதுவும் குறையும். மூன்று வருஷத்தில் 90,000 வருமானம் 159,000 ஆகும் என்பதற்கு உங்களிடம் உறுதியான காரணம் இருந்தால் மட்டும் இந்த வீட்டைப் பற்றி மேலே பேசலாம். கிரெடிட் சரியாகிவிடும், அதில் எனக்கு ஐயமில்லை. ப்ரொப்போசல் கட்டி முடித்து மூன்று வருஷத்தில், கடன் வரலாற்றைப் பதியும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் பதிவிலிருந்து நீங்கிவிடும். அதற்குள் ஒரு சிறிய கடன் அட்டையைத் தவறாமல் கட்டி வந்தால் சி.எம்.எச்.சி கேட்கும் 600 கிரெடிட் ஸ்கோரைத் தொடுவது கடினமல்ல. உங்களுக்குத் தடை வருமானம். நிறுவனத்தார் கிரெடிட்டைப் பற்றி நிறையப் பேசியிருப்பார்கள். வருமானத்தைப் பற்றிக் கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அந்த 500 டொலர். வாடகையில் சேரும் தொகை முழுவதையும் வங்கி டவுன் பேமென்டாக ஏற்காது. அந்தப் பகுதியின் சந்தை வாடகைக்கு மேல் நீங்கள் கட்டியதைத்தான் கணக்கில் எடுக்கும். அதே தெருவில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 2,900 என்று வையுங்கள். நீங்கள் கட்டுவது 3,200. ஒப்பந்தத்தில் 500 என்று எழுதியிருந்தாலும் வங்கியின் கண்ணில் 300தான், 36 மாதத்துக்கு 10,800. ஒப்ஷன் கட்டணத்தோடு 35,800. தேவைப்படுவதோ 44,935. அதற்கு மேல் ஒன்ராறியோ நில மாற்று வரி 10,462. முதல் வீடு வாங்குவோருக்கான 4,000 சலுகை கிடைத்தாலும் 6,462 கட்ட வேண்டும். மோர்ட்கேஜ் காப்புறுதியின் மீது 8 வீத மாகாண வரி 2,094 டொலர். காப்புறுதியைக் கடனோடு சேர்க்கலாம், இந்த வரியைச் சேர்க்க முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். சட்டத்தரணிக்கும் டைட்டில் (வீட்டு உரிமை) காப்புறுதிக்கும் 2,500 வையுங்கள். ஆக, சாவி வாங்கும் நாளில் இன்னும் ஏறத்தாழ 20,000 டொலர் தேட வேண்டியிருக்கும். 3,200 வாடகை கட்டிக்கொண்டு அதை எப்படிச் சேர்ப்பீர்கள்?

விலையும் ஒரு பிரச்சினை. வருஷம் 3 வீதம் ஏறும் என்பது அவர்களுடைய கணக்கு. ரொறன்ரோ பெரும்பாகத்தில் வீட்டு விலைகள் 2022 பெப்ரவரியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியதை நாமெல்லாரும் பார்த்தோம். மூன்று வருஷத்தின் பின் மதிப்பீட்டாளர் 650,000 என்று எழுதினால், வங்கி 650,000க்குத்தான் கடன் தரும். 699,345க்கும் அதற்கும் இடையிலான 49,345 டொலர் உங்கள் தலையில் விழும்.

இந்த வீட்டை விட்டாலும், நாளைக்கு இன்னொன்று வரும், உங்கள் வருமானம் கூடியிருக்கும். அப்போது முன்பணத்தை எப்படிக் கையாள்வது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் முதலில். வீட்டின் பதிவேட்டை உங்கள் சட்டத்தரணி எடுத்துப் பார்க்கட்டும். நிறுவனம் அறிமுகப்படுத்தும் சட்டத்தரணி வேண்டாம், உங்களுக்கென்று ஒருவர். உரிமையாளர் பெயர் வேறாக இருந்து, நிறுவனம் அவரிடமிருந்து வாடகைக்கு எடுத்து உங்களுக்குக் கொடுக்கிறது என்றால், அந்த உரிமையாளரும் கையெழுத்திட்டால் ஒழிய ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வீட்டில் எவ்வளவு மோர்ட்கேஜ் இருக்கிறது, இரண்டாவது மோர்ட்கேஜ் இருக்கிறதா, வரி நிலுவை உண்டா என்பதும் அப்போது தெரியும்.

ஒப்ஷனைப் பதிவேட்டில் பதிவு செய்வது மிக முக்கியம். பதிவு செய்யாத ஒப்ஷன் உங்கள் லாச்சிக்குள் கிடக்கும் ஒரு தாள்தான், உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றால் நீங்கள் வழக்குக்கு அலைய வேண்டும். பதிவு செய்தாலும் அதற்கு முன் பதிவான வங்கி மோர்ட்கேஜுக்குத்தான் முதலிடம். நீங்கள் ஒழுங்காக வாடகை கட்ட, உரிமையாளர் வங்கிக்குக் கட்டாமல் விட்டால், வங்கி பவர் ஒஃப் சேல் முறையில் வீட்டை விற்கலாம். ஆனால் பதிவில் உங்கள் பெயர் இருந்தால், விற்க முன் வங்கி உங்களுக்கும் அறிவித்தல் அனுப்ப வேண்டும். அந்த அறிவித்தல் கையில் இருந்தால்தான் ஏதாவது செய்ய நேரம் கிடைக்கும்.

வாடகை ஒப்பந்தம் ஒன்ராறியோவின் வழமையான படிவத்தில் தனியாக இருக்கட்டும், ஒப்ஷன் ஒப்பந்தம் வேறு தாளில். கடைசி மாத வாடகையைத் தவிர வேறு பாதுகாப்பு வைப்புப் பணம் வாங்க வீட்டுக்காரருக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. அதனால் 25,000 எதற்காக என்பது எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். “டெபொசிட்” என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் தலையிடி.

நீங்கள் அனுப்பியிருந்த ஒப்பந்தப் பக்கத்தில் ஒரு நிபந்தனை என்னை மிகவும் உறுத்தியது. வாடகை ஒரு தடவை பிந்தினாலும் ஒப்ஷன் இரத்து, கட்டிய பணம் திரும்பாது என்கிறது. உங்கள் கணவருக்கு சப்-கொன்ட்ராக்ட் காசு எப்போதும் ஒன்றாம் திகதி வருமா? சாதாரண வாடகைக்காரர் ஒருவர் பிந்தினால், அறிவித்தல் கிடைத்த பின் அதில் தரப்படும் அவகாசத்துக்குள் கட்டி வீட்டில் இருக்கலாம். இந்த நிபந்தனையோ 25,000 டொலரை ஒரு நாள் தாமதத்தில் எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் தந்த பின்னரே இரத்து என்று மாற்றச் சொல்லுங்கள். உரிமையாளரால் டைட்டில் தர முடியாவிட்டால், வங்கி வீட்டை விற்றால், வீடு எரிந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விலை, குறித்த தொகை அல்லது அன்றைய மதிப்பீடு, எது குறைவோ அது. மறுத்தால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

நிர்வாகக் கட்டணம் 3,500 விலையில் கழிக்கப்படுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை முழுச் செலவாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

சீட்டுக் காசைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கட்டாகக் கொண்டுபோய் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் போடுங்கள். டவுன் பேமென்ட் எங்கிருந்து வந்தது என்று வங்கிகள் 90 நாள் கணக்கறிக்கை கேட்கும். கணக்கில் தடம் இல்லாத காசை மூன்று வருஷத்தின் பின் நிரூபிக்க முடியாது. கொடுக்கும் நாள் வந்தால் வங்கி ட்ராஃப்டாகச் சட்டத்தரணியின் ட்ரஸ்ட் கணக்குக்கே (பிறர் பணத்தைப் பாதுகாத்து வைக்கும் கணக்கு) போக வேண்டும். ஒவ்வொரு மாத வாடகையும் வங்கி வழியாகவே போகட்டும்.

இந்த 25,000 டொலரை நான் இப்படி வைப்பேன். நீங்களும் கணவரும் ஆளுக்கொரு எஃப்.எச்.எஸ்.ஏ, அதாவது முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு, திறவுங்கள். ஆளுக்கு வருஷம் 8,000, இருவருக்கும் 16,000 இந்த வருஷம் போடலாம். மீதி 9,000 ஜனவரியில். 16,000 டொலருக்கு உங்கள் வருமானத்தில் ஏறத்தாழ 3,000 டொலர் வரி மிச்சமாகும். வீடு வாங்க எடுக்கும்போது வரியில்லை. வாங்காமலே போனாலும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி க்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணவரின் வருமானத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வரிக்குக் காட்டும் 38,000தான் வங்கிக்கு அவருடைய வருமானம். உண்மையில் உழைப்பது அதைவிடக் கூடுதல் என்றால், இந்த வருஷம் முதல் முழுமையாகக் காட்டுங்கள். வருமானம் 30,000 டொலரைத் தாண்டுவதால் எச்.எஸ்.டி (விற்பனை வரி) பதிவும் சரியாக இருக்கிறதா பாருங்கள். வரித் திணைக்களம் அனுப்பும் இரண்டு வருஷ நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்டில் உங்கள் இருவருக்கும் 120,000 தெரிந்தால், ஏறத்தாழ 490,000 கடன் வரை கிடைக்கும், 500,000 டொலர் வீடு எட்டும். கொண்டோ என்றால் பராமரிப்புக் கட்டணத்தின் பாதியையும் வங்கி செலவில் சேர்க்கும் என்பதை மறவாதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உங்கள் சட்டத்தரணி பதிவேட்டையும் ஒப்பந்தத்தையும் பார்க்கும்வரை எந்தப் பணமும் தர முடியாது. “வேறு ஆள் காத்திருக்கிறார்” என்று பதில் வந்தால், அந்த ஆளே வாங்கட்டும். 3,500 டொலரை ஏற்கெனவே கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காமல், ரசீதையும் நீங்கள் கையெழுத்திட்ட எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.