பகலில் மாநாடு, மாலையில் ஊர்: அம்மாவோடு சிங்கப்பூர் வருபவருக்கு

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வரும் அக்டோபரில் சிங்கப்பூர் சன்டெக் மையத்தில் ஒரு டெவலப்பர் மாநாடு, புதன் முதல் வெள்ளி வரை. நுழைவுச்சீட்டும் என் விமானச் செலவும் நிறுவனத்துடையவை. பத்து நிமிடக் குட்டி உரை ஒன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். என் செலவில் அம்மாவையும் அழைத்து வர ஆசை. அவருக்கு வயது 61, முட்டி வலி உண்டு, ஆங்கிலம் வராது, சுத்த சைவம். செவ்வாய் காலை வந்து ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். மாநாட்டையும் விடாமல் அம்மாவுக்கு ஊரையும் காட்ட முடியுமா? அறை எங்கே எடுப்பது?

பதில்: தாராளமாக முடியும். அமர்வுகளைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. காரணம் கடிகாரம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்கக் காலை 7 மணி வாக்கில்தான் விடியும், மாலை 7 மணி வாக்கில்தான் இருட்டும். காலை 11 முதல் 4 வரை வெளியே அலைவது தண்டனை. வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், மதியத்துக்கு மேல் இடி மழையும் வரலாம். அந்த நேரத்தைத்தான் மாநாடு எடுத்துக்கொள்கிறது. இங்கே இரவு 10 மணி ஆகும்போது உங்கள் உடம்புக்கு 7.30தான் ஆகியிருக்கும், அசதி தெரியாது. நள்ளிரவை ஒட்டி வரை ரயில் ஓடுகிறது. ஆகவே மாலைகளை ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். "காலையில் சீக்கிரம் எழுந்து ஒரு இடம் பார்த்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறேன்" என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். இங்கே காலை 7 மணி என்பது உங்களுக்கு அதிகாலை நாலரை.

அறை விஷயத்துக்கு வருவோம். மாநாட்டு அரங்கத்துக்குப் பக்கத்திலேயே தங்குவதுதான் வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். தனியாக வந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். அம்மாவோடு வரும்போது தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில் எடுங்கள். சன்டெக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருப்பது புரொமனாட் ரயில் நிலையம். அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் பூகிஸ், ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. ரயில் மாற வேண்டாம். வாடகையும் சன்டெக்கை ஒட்டிய மரினா பே பக்கத்தைவிடக் குறைவு. ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜன்னல் உண்டா, லிப்ட் உண்டா. இங்கே மலிவான அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது, பட்டியலில் அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றிய இடங்களில் சிலவற்றுக்கு லிப்ட் இல்லை. முட்டி வலிக்காரருக்கு இரண்டாம் மாடி அறை கிடைத்தால் ஊர் பார்த்த மாதிரிதான்.

இன்னொன்று. அக்டோபரை ஒட்டித்தான் மரினா பே தெருக்களில் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நடக்கும். 2008-ல் தொடங்கியது. சில வருடம் செப்டம்பரில் வரும், சில வருடம் அக்டோபரில். பந்தயப் பாதை சன்டெக் வட்டாரத்தைச் சுற்றியே போகிறது. உங்கள் வாரமும் பந்தய வாரமும் ஒன்றாக விழுந்தால் விடுதி வாடகை எகிறும், சாலைகளை மூடிவிடுவார்கள், டாக்சி பக்கத்தில் வராது. தேதியை முதலில் பார்த்துவிட்டு அறையை உறுதி செய்யுங்கள்.

இனி காகித வேலை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிப்பதுதான் வழக்கம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே தமிழில் அப்படித்தான் சொல்வோம்), முகவர் கூலி தனி. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புறப்படும் முன் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்; வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் செய்தால் சரி. அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு, குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்துக்கே போங்கள்.

மாநாட்டில் பார்வையாளராக உட்கார வேலை அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் நீங்கள் பேசப் போகிறீர்கள். கருத்தரங்கில் உரையாற்றுபவர்கள் வேலை அனுமதி விலக்கு பெற்ற பிரிவில் வருவார்கள். நாட்டுக்குள் வந்த பிறகு, பேசுவதற்கு முன்பாக, மனிதவள அமைச்சின் தளத்தில் தகவல் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஏற்பாட்டாளர்களுக்கு இது பழகிய வேலை, இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டு என்னென்ன விவரம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மதியம் அறையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அம்மாவின் பெட்டியை நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டு கட்டாயம் வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மாத்திரை, சில இருமல் மருந்துகள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம். அப்புறம் கசகசா. குருமாவுக்கு இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் கட்டி வைப்பார்கள். கசகசாவை இங்கே போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு தடைசெய்யப்பட்ட பொருளாகவே வைத்திருக்கிறது. முறுக்கு, பருப்புப்பொடி போதும். சூயிங்கம், மின்சிகரெட் இரண்டும் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

செவ்வாய் காலை வந்து இறங்கியதும் ரயிலில் போகலாம்: சாங்கியிலிருந்து ஒரே நிறுத்தம் எக்ஸ்போ, அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. தூங்காத கண்ணும் பெட்டியுமாக அம்மா இருந்தால் டாக்சி எடுங்கள், அந்த ஒரு நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். மற்ற நாளுக்கு வங்கி அட்டையையே ரயில் வாசலில் தட்டிப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். வெளிநாட்டு அட்டைக்குத் தினமும் சிறு கட்டணம் பிடிப்பார்கள். அம்மாவுக்கு ஈஸி லிங்க் என்ற பயண அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் மாநாட்டில் இருக்கும் பகலில் அம்மா என்ன செய்வார்? தேக்காவில் தங்கச் சொன்னதற்கு முக்கியக் காரணமே இதுதான். சிராங்கூன் சாலையில் வழி கேட்கவும் பூ வாங்கவும் மாத்திரை வாங்கவும் தமிழ் போதும். வீரமாகாளியம்மன் கோவில் அந்தச் சாலையிலேயே இருக்கிறது, இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோவில். கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. குளிரூட்டிய கட்டடம், இங்கு வந்து குடியேறிய நம் ஆட்களின் கதை, ஒரு மணி நேரம் நன்றாகப் போகும். திங்கட்கிழமை விடுமுறை, உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. தீபாவளியை ஒட்டிய வாரங்கள் என்றால் மாலையில் சாலை முழுக்க விளக்கு அலங்காரம். அம்மாவின் கைப்பேசியிலும் உள்ளூர் சிம் போட்டு, விடுதியின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் அரங்கத்தில் மனம் நிலைக்கும்.

சாப்பாட்டில் அம்மாவைவிட உங்களுக்குத்தான் கஷ்டம். சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது, சுற்றிலும் சைவக் கடைகள் ஏராளம். மாநாட்டு மதிய உணவுக்குப் பதிவுப் படிவத்தில் "இந்திய சைவம்" என்று தெளிவாக எழுதுங்கள். வெளியே வெறும் கீரை வதக்கல் போலத் தெரிவதில் காய்ந்த இறால் கிடக்கும், காய்கறியில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். பௌத்தர்களின் சைவக் கடைகளை நம்பலாம். ஆனால் அங்கே சோயாவிலும் கோதுமையிலும் செய்தது மீன் துண்டு மாதிரியே தட்டில் வந்து உட்காரும், அம்மாவை முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள்.

உணவங்காடியில் மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனது அல்ல, இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தாதீர்கள், நீங்களும் அப்படியே செய்யலாம். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். தேநீர் கேட்டால் கெட்டிப்பாலும் சர்க்கரையுமாகத் தித்திப்பாக வரும். பாலில்லாமல் வேண்டுமென்றால் "தே ஓ", அதிலும் சர்க்கரை வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". சற்றுப் பெரிய உணவகங்களில் பட்டியல் விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத வரியும் ஏறும்.

மாலைகளைப் பற்றி. புதன் மாலை அரங்கத்திலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். அம்மா ரயிலில் புரொமனாட் வரட்டும், நீங்கள் எதிர்கொண்டு அழையுங்கள். சன்டெக்கிலிருந்து நிலத்தடி நடைபாதை வழியாகவே எஸ்பிளனேட் அரங்கம் வரை மழை படாமல் போகலாம். அங்கிருந்து கரையோரமாக ஜூப்ளி பாலத்தைக் கடந்தால் சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலை, 1972-ல் நிறுவியது. படிகள் குறைவு, உட்கார இடம் நிறைய. போகும் வழியில் எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னம் இருக்கிறது. மெர்லயனோடு படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் குறை. அதை ஒட்டிய பாடாங் திடலில்தான் 1943 ஜூலையில் நேதாஜி அந்தப் படையின் அணிவகுப்பை ஏற்றார். எட்டு மணிக்கு மெர்லயன் கரையில் உட்கார்ந்தால் எதிரே மரினா பே சேண்ட்ஸ் விடுதியின் முன்னால் நீரும் ஒளியுமான காட்சி.

வியாழன், புரொமனாட்டிலிருந்து ஒரே நிறுத்தம் தள்ளி பேஃபிரண்ட், அங்கே கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). சூப்பர் மரங்கள் எனப்படும் மர வடிவக் கோபுரங்களின் கீழ் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இசையோடு விளக்குக் காட்சி, இலவசம். இரண்டாவது காட்சிக்குப் போங்கள், அவசரம் இருக்காது. வெள்ளி மாலையை மட்டும் காலியாக விடுங்கள்.

ஏன் என்றால், மாநாட்டின் பலன் பெரும்பாலும் அந்த மாலையில்தான் வரும். பல உரைகள் பதிவாகிப் பின்னால் காணொளியாகக் கிடைத்துவிடும். ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பைத்தான் நிரல்மொழி மாநாடு 2010-ல் முதன்முதலில் நடந்தது இங்கேதான், அப்போதிருந்தே சந்திப்புகளுக்குப் பழகிய ஊர் இது. தினமும் மூன்று நான்கு அமர்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்ற நேரம் காப்பி மேசைப் பக்கம் நில்லுங்கள். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு யாராவது தமிழில் பேச வருவார்கள். தயக்கமாக இருந்தால் அவர்களோடு தொடங்குங்கள், ஆனால் மூன்று நாளும் அந்த வட்டத்திலேயே நின்றுவிடாதீர்கள். உங்கள் குட்டி உரையை முதல் நாளே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பேசினால் மீதி இரண்டு நாளும் மற்றவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். செயல்விளக்கம் காட்டுவதாக இருந்தால் அரங்கத்து வைஃபையை நம்பாமல் மடிக்கணினியிலேயே ஓடும்படி செய்துகொள்ளுங்கள். இந்தியாவின் உருண்டை முனைப் பிளக் இங்கே நுழையாது. தட்டையான மூன்று முனைக்கு மாற்றும் அடாப்டர் இரண்டு வாங்கி வாருங்கள். ஒரு ஸ்வெட்டரும். வெளியே வியர்க்கும் அளவுக்கு உள்ளே நடுங்கும்.

சனிக்கிழமைதான் உங்களுக்கு முழு நாள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவை விட்டுவிடுங்கள், வரிசையில் நிற்கவே அம்மாவின் முட்டி தாங்காது. காலையில் பூமலை, அதாவது தாவரவியல் பூங்கா. 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது, நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு. வெயில் ஏறியதும் கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள மேக வனம் (கிளவுட் ஃபாரஸ்ட்) என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் போய்விடுங்கள். 35 மீட்டர் செயற்கை மலை, உச்சிக்கு லிப்டில் ஏறிச் சரிவான பாதையில் மெதுவாக இறங்கலாம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மாலையில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில். 1827-ல் எழுந்தது, இங்குள்ள இந்துக் கோவில்களில் பழமையானது. தீபாவளிக்கு முன்னால் அங்கே தீமிதி நடக்கும், தேதி ஒத்துவந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதே சாலையில் தமிழகக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல், டாக்சியில் சற்றுத் தள்ளி தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. நாகூரை நேரில் பார்த்தவர் என்றால் அம்மா அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப மாட்டார்.

ஞாயிறு கடைத்தெருவுக்கு. அன்று மாலை தேக்காவில் விடுமுறைக் கூட்டம் நெரியும், ஆகவே காலையிலேயே வாங்கி முடியுங்கள். ஒரே கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் அந்தக் கடை சேர்ந்திருந்தால், கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். நகை வாங்கினால் இது சின்னத் தொகை இல்லை. சாங்கியில் அதற்கான இயந்திரம் உண்டு. வாங்கியது பெரிய பெட்டிக்குள் போவதாக இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே அந்த இயந்திரத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டு என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.