அரிக்காத தேமல், வலிக்காத புண்: தொழுநோய் பற்றிச் சில கேள்விகள்

தொழுநோய் பற்றி மதுரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் போடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முதுகில் வெளிறின தேமல். அரிப்பு, வலி எதுவும் இல்லை. மெடிக்கலில் சொல்லி வாங்கின களிம்பை ஆறு மாதமாகப் போடுகிறோம், அப்படியேதான் இருக்கிறது. (உசிலம்பட்டி)

அரிக்கவில்லை என்கிறீர்களே, அதுதான் அம்மா எனக்கு உறுத்துகிறது. படர்தாமரை என்றால் அரிப்பு தூங்கவிடாது. வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், தொட்டால் நன்றாகத் தெரியும். தொழுநோய்த் தேமல் முழுசாக வெளுக்காது. சற்று மங்கியோ செம்பு நிறத்திலோ இருக்கும், முடி குறைந்திருக்கும், காட்டு வேலை முடித்து முதுகெல்லாம் வியர்த்து வரும்போது அந்த வட்டம் மட்டும் காய்ந்து கிடக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். அவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் முதலில் நல்ல தோலில் லேசாகத் தொடுங்கள், தொட்டதும் "ம்" சொல்லட்டும். அப்புறம் தேமலின் நடுவில் அதே அளவு தொடுங்கள். தேய்க்க வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். அங்கே "ம்" வரவில்லை என்றால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், அல்லது பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வாருங்கள். "ம்" வந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் உணர்ச்சி பாதிதான் குறைந்திருக்கும், முகத்தில் வரும் தேமலில் பெரும்பாலும் குறையவே குறையாது. சிலருக்குத் தேமல் என்று தனியாக ஒன்றும் இருக்காது, தோல் மினுமினுப்பாகி, காது மடல் தடித்து, புருவம் உதிரும். இவர்கள்தான் கிருமி அதிகம் உள்ளவர்கள், இவர்களைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

இந்தக் கிருமியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க முடியாது. நோய் உண்டு, இல்லை என்று முடிவு சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. காது மடலில் கீறி எடுக்கும் பரிசோதனையும் எல்லோருக்கும் கிருமியைக் காட்டாது. இந்த நோய் நரம்பைத் தாக்கித் தடிக்க வைக்கும். ஆக, டாக்டர் உங்கள் முழங்கையை மடக்கி உள்பக்கம் நரம்பைத் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

2005-லேயே ஒழித்துவிட்டோம் என்றார்களே, இன்னும் ஏன் வீடு வீடாக வந்து கேட்கிறார்கள்? (மேலூர்)

2005 டிசம்பரில் எட்டிவிட்டதாக அறிவித்தது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற தேசிய சராசரியைத்தான். அந்தக் கணக்கில் வருகிறவர் அன்றைக்கு மருந்து சாப்பிடுகிறவர் மட்டுமே. டாப்சோன் என்ற ஒரே மருந்தை மட்டும் வருடக்கணக்கில் கொடுத்த காலத்தில் பெயர் பதிவேட்டில் கிடந்துகொண்டே இருக்கும். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து வந்த பிறகு ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ முடிந்ததும் பெயரை எடுத்துவிடுகிறோம், எண்ணிக்கை தானாக இறங்கும். அது நல்ல மருந்தின் பலன், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் இந்தியாவில் இன்றும் ஒரு லட்சத்தைச் சுற்றி இருக்கிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கு மேல். தேடுவதை நிறுத்தினால் அந்த எண்ணும் குறையும், நோய் குறையாது. கிருமி உள்ளே போய் நோய் தெரிய சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். நான் பார்ப்பது இரண்டைத்தான்: புதியவர்களில் குழந்தைகள் எத்தனை பேர், கையோ காலோ மடங்கிய பிறகு வந்தவர்கள் எத்தனை பேர். குழந்தை என்றால் பக்கத்தில் எங்கோ பரவல் இருக்கிறது, மடங்கிய கை என்றால் நாம் தாமதம். வீட்டுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தம்பி பன்னிரண்டு மாத மருந்தை ஒழுங்காக முடித்தான். மூன்று மாதம் கழித்து காய்ச்சல், தோலில் சிவந்த கட்டிகள், முழங்கையில் வலி, சுண்டு விரல் மடங்குகிறது. மருந்து கேட்கவில்லையா? (திருமங்கலம்)

மருந்து கேட்டிருக்கும். செத்த கிருமியின் மிச்சத்தோடு அவன் உடம்பு சண்டை போடுகிறது. மருந்து சாப்பிடும்போதும் வரும், முடித்த பிறகும் வரும். "வீரியமான மருந்தைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஆனது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நாட்டு மருந்துக்குத் திருப்புவார்கள், அதில் போகிற வாரங்கள்தான் விரலைக் கொண்டுபோகின்றன. நரம்பு வலியும் விரல் பலவீனமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வர வேண்டும். பிரட்னிசோலோன் மாத்திரையைக் கூடுதல் அளவில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்போம். பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால் பெரும்பாலும் மீட்க வாய்ப்புண்டு, அதைத் தாண்டினால் கஷ்டம். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். நோயே திரும்ப வருவது அரிது. எதற்கும் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

மாமியாருக்கு உறுதியாகிவிட்டது. கைக்குழந்தை இருக்கிறது. தட்டு, டம்ளர் தனியா? (செல்லூர்)

வேண்டாம் தாயி. தொட்டு, சேர்ந்து சாப்பிட்டு இது பரவாது. மருந்து சாப்பிடாதவரோடு மாதக்கணக்கில் நெருங்கி இருந்தால் மூச்சு வழியாக வரலாம், அதற்கும் பெரும்பாலானவர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டு. மருந்து தொடங்கியதும் பரவும் பயம் போய்விடுகிறது. அவர் குழந்தையைத் தூக்கட்டும். வீட்டில் எல்லோரும் உடம்பைக் காட்டுங்கள், ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற மருந்தைத் தடுப்பாகக் கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகள், காசநோய் சந்தேகம் உள்ளவர்கள் தவிர. தனித் தட்டு வைத்தால் அவர் மாத்திரை அட்டையை ஒளித்து வைப்பார், பிறகு சாப்பிட மாட்டார். அதுதான் ஆபத்து.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு. மாத்திரையால் முகம் கறுக்கிறது. நிறுத்தலாமா? (வாடிப்பட்டி)

நிறுத்தாதீர்கள். அது கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் தரும் நிறம், மருந்து முடிந்தபின் சில மாதங்களில் மெல்ல மங்கிவிடும். வெயிலைத் தவிர்த்து, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை அன்று சிறுநீர் சிவந்து போகும், அதற்கும் பயம் வேண்டாம். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும் வந்தாலோ கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

அப்பாவுக்கு பதினைந்து வருடம் முன்பே குணமானது. உள்ளங்காலில் புண் ஆறுவதே இல்லை. (சோழவந்தான்)

நோய் போய்விட்டது, நரம்பு திரும்பவில்லை. புண் வலிக்காததால் அதன் மேலேயே நடக்கிறார். தினமும் அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, எண்ணெய் தடவி, எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பு போடட்டும். இது அரசு மருத்துவமனையில் இலவசம். ஆணி அடித்த செருப்பு வேண்டாம். களிம்பை விட, புண் ஆறும்வரை கால் ஊன்றாமல் இருப்பதுதான் முக்கியம், அதற்கு வயல் வேலையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். புண் நாற்றம் எடுத்தாலோ பாதம் வீங்கினாலோ காத்திருக்காமல் கூட்டி வாருங்கள்.