குதிகால் வலிக்கிறது, ஆளும் சின்னவன்: அகாடமி செலக்‌ஷனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது 4 மாதம். நவம்பரில் பிறந்தவன். உயரம் 136 செ.மீ., எடை 29 கிலோ. அவன் அப்பா 168 செ.மீ., நான் 152. நாலு வருஷமாக ஃபுட்பால் ஆடுகிறான். காலை 5.30 முதல் 7.30 வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. ஞாயிறு மட்டும் லீவு. படித்து முடித்துத் தூங்க இரவு 10.30 ஆகிறது, காலை 4.45-க்கு எழுப்பிவிடுகிறேன். வெளிமாநிலத்தில் ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு அகாடமிக்கு ஜூனில் செலக்‌ஷன். "கண்டிப்பாக அனுப்புங்கள், ஆள்தான் சின்னதாக இருக்கிறான், புரோட்டீன் பவுடர் கொடுங்கள்" என்கிறார் கோச். அவன் அப்பாவுக்கும் அதுதான் ஆசை. ஆனால் 2 மாதமாக இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்கிறான். ஆடி முடித்ததும் நொண்டுகிறான், காலையில் சரியாகிவிடுகிறது. என்ன செய்வது டாக்டர்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: முதலில் குதிகால், ஏனென்றால் அது காத்திருக்காது.

இந்த வயதில், ஓடிக் குதித்து ஆடும் பிள்ளைக்கு இரண்டு குதிகாலும் ஆட்டத்துக்குப் பிறகு வலித்தால், பெரும்பாலும் அது சீவர் நோய் என்று நாங்கள் சொல்வதுதான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் இடத்தை, கெண்டைக்கால் தசையின் நாண் ஓயாமல் இழுப்பதால் வரும் வலி. எலும்பு முற்றியதும் தானாகவே போய்விடும். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பாருங்கள். துள்ளினான் என்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. ஆனாலும் ஒரு எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். தூக்கத்தில் எழுப்பும் வலி, வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் போகாத நொண்டல் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நொண்டும் நாட்களில் ஆடக் கூடாது. வலிமாத்திரை போட்டு மைதானத்தில் இறக்கக் கூடாது. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம். ஷூவுக்குள் வைக்கும் ஹீல் கப், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, ஆடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ், இவற்றோடு 3, 4 வாரம் ஓட்டத்தைக் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். அந்த நாட்களில் நீச்சல் போகலாம், உட்கார்ந்தபடி பந்தைத் தட்டிப் பழகலாம்.

சரி, ஏன் வந்தது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நாளுக்கு மூன்றரை மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் 21 மணி நேரம். விளையாட்டு மருத்துவத்தில் ஒரு எளிய கணக்கு உண்டு: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்படியான பயிற்சி கூடாது. உங்கள் மகனுக்கு 11. அவன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆடுகிறான். தூக்கமோ ஆறேகால் மணி நேரம். 12 வயது வரை உள்ள பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம்கூடத் தூங்காத வளரிளம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014-ல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. காலைப் பயிற்சியை நிறுத்துங்கள் என்று கோச்சிடம் நேராகப் பேசுங்கள். "டாக்டர் சொன்னார்" என்று என் மேல் பழியைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மாலைப் பயிற்சியைத் தொடங்கும்போது, 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' என்று 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய வார்ம்-அப்பைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். 15, 20 நிமிடம்தான் ஆகும், செலவு ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் 4 நாடுகளில் சோதித்தபோது காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. நம் ஊரில் மைதானத்தைச் சுற்றி ரெண்டு ரவுண்டு ஓடவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

இனி உயரம். உங்களை இதுதான் அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. அவன் தன் வயதுக்குச் சற்றுச் சிறியவன், அவ்வளவுதான். பெற்றோர் இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 166.5 செ.மீ. வருகிறது. அதற்கு மேலோ கீழோ 8 செ.மீ. போகலாம். அவன் வளரப்போகும் உயரம் ஏறக்குறைய அதுதான். வருடத்துக்கு 5 செ.மீ. வளர்ந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 4 செ.மீ.க்கும் குறைந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; தேவைப்பட்டால் இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். "மெஸ்ஸிக்கு ஊசி போட்டார்களே" என்று என்னிடம் கேட்காத ஃபுட்பால் அப்பா இல்லை. அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் உண்மையிலேயே குறைவாக இருந்தது. குறைவில்லாத பிள்ளைக்கு அந்த ஊசி மருந்து அல்ல.

உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். ஜூனியர் போட்டிகளில் வயதுப் பிரிவைப் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிப்பார்கள். நவம்பரில் பிறந்த உங்கள் பையன், அதே வருடம் ஜனவரியில் பிறந்தவனோடு போட்டி போடுகிறான். பத்து மாதம் மூத்தவன்! போதாததற்கு ஒருவனுக்கு 12 வயதில் மீசை அரும்பும், இன்னொருவனுக்கு 15-ல். ஆண் பிள்ளைகள் மளமளவென வளர்வது சராசரியாக 13, 14 வயதில். அப்போது ஒரே வருடத்தில் 9, 10 செ.மீ. கூடும். ஆக, 11 வயதில் நடக்கும் செலக்‌ஷனில் திறமையோடு சேர்த்து, யார் முன்னால் வளர்ந்துவிட்டார்கள் என்பதையும்தான் அளக்கிறார்கள். உலகம் முழுக்க அகாடமிகளில், வயதுப் பிரிவு தொடங்கும் தேதியை ஒட்டிய முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆந்த்வான் க்ரீஸ்மனை உயரம் போதாது என்று பல பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பின. அவர் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்து, 2018-ல் பிரான்சுக்காகவே உலகக் கோப்பை வென்றார். உங்கள் மகனும் அப்படி ஆவான் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஜூனில் அவனை எடுக்கவில்லை என்றால், அது அவன் ஆட்டத்தின் மீதான தீர்ப்பு அல்ல என்பதை நீங்கள் இருவரும் இப்போதே நம்ப வேண்டும். நீங்கள் நம்பினால்தான் அவனும் நம்புவான்.

பவுடர் டப்பாவுக்குச் செலவு செய்யாதீர்கள். தினம் 2 முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கை வேர்க்கடலை, சாயங்காலம் சுண்டல், சாப்பாட்டில் பருப்பு: 29 கிலோ பிள்ளைக்கு இதுவே போதும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போய்விட வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலக்‌ஷனுக்கு முன் ஒரு முறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு இ.சி.ஜி.யும் எடுங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானது தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். ஆடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென இறந்திருந்தாலோ, இதய மருத்துவர் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

அகாடமியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர்கள் உங்கள் மகனைப் பரிசோதிப்பதுபோல நீங்களும் அவர்களைப் பரிசோதியுங்கள். பிசியோதெரபிஸ்ட் தினமும் இருக்கிறாரா? அடிபட்ட பிள்ளையை எத்தனை நாளில் திரும்ப ஆடவிடுகிறார்கள், அதை முடிவு செய்வது கோச்சா, மருத்துவரா? பள்ளி எங்கே? 14, 15 வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் படிப்பு என்ன ஆகும்? இரவில் ஹாஸ்டலில் யார் பொறுப்பு, பிள்ளை நினைத்தபோது வீட்டுக்குப் போன் பேச முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தால், அவனுக்கு அந்தப் போன்தான் வழி. இதையெல்லாம் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் விட வேண்டாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். கோச் சொன்னது இருக்கிறது, அப்பாவின் ஆசை இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். அப்பா இல்லாத நேரத்தில், பந்து கையில் இல்லாத நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள்: "அங்கே போய்த் தங்கி ஆட உனக்கு ஆசையா? போகலைன்னாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்லைடா." அவன் யோசிக்கட்டும், ஒரு வாரம் ஆகட்டும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஒவ்வொரு மேட்சுக்கு முந்தின இரவும் வயிற்று வலி வரும். எல்லா ஸ்கேனும் நார்மல். அறையில் தனியாகப் பேசியபோதுதான், "அப்பா வருத்தப்படுவார் சார்" என்று அழுதான். அவனுக்கு ஃபுட்பால் பிடிக்காமல் இல்லை, தோற்கும் பயம்தான்.

உங்கள் மகன் "போகணும்மா" என்று தானாகச் சொன்னால், மே கடைசிக்குள் வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிந்தால், தாராளமாக அழைத்துப் போங்கள். வலி போகவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம். 12 வயதில் போனாலும், 14 வயதில் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. எடுத்துவிட்டால்கூட உடனே பணம் கட்டாமல், ஒரு வாரம் தங்கிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

செலக்‌ஷன் முடிந்து திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதையும் கேட்க வேண்டாம், அவன் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். அவனுக்கு நல்ல பசி இருக்கும். வழியில் எங்காவது நிறுத்தி, அவனுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள்.