ஒரே குரூப் ரத்தம்தான் ஏற்றினார்கள். பிறகு ஏன் நடுக்கம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அம்மாவும் பி பாசிட்டிவ். பையிலும் பி பாசிட்டிவ் என்றே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கமும் 101 டிகிரி காய்ச்சலும் வந்தன. உடனே நிறுத்தி, மீதி ரத்தத்தோடு பையைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவிடம் மறுபடியும் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பின்னர், ‘கூம்ப்ஸ் நெகட்டிவ், பயமில்லை’ என்றார்கள். ஒரே குரூப்பாக இருந்தும் ஏன் இப்படி? ரத்தம் குறைந்தவரிடம் மேலும் ரத்தம் எடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. எடுத்தது சில மில்லி லிட்டர்தான். அதை எடுக்காமல் விட்டிருந்தால்தான் தவறு.

திரும்பி வந்த பையைப் பார்த்ததும் ரத்த வங்கியில் செய்யும் முதல் வேலைக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், பையின் எண், குழாயில் ஒட்டிய சீட்டு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். உயிருக்கு ஆபத்தான குரூப் மாறாட்டங்களில் பெரும்பாலானவை பரிசோதனைப் பிழையால் அல்ல, ஆள் மாறாட்டத்தால் நிகழ்பவை; ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருப்பது நம் ஊரில் அதிசயமல்லவே.

அடுத்து, புதிதாக எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்கள் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தைப் பார்ப்பார்கள். அது இளமஞ்சளாக இருக்க வேண்டும். ஏற்றிய சிவப்பணுக்கள் உடலுக்குள் உடைந்திருந்தால் ஹீமோகுளோபின் கசிந்து இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறியிருக்கும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் பாதுகாத்து வைத்திருப்பார்கள் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும். சிறுநீர் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான்: அதில் தெரியும் சிவப்பு முழு அணுக்களா, கரைந்த ஹீமோகுளோபினா என்பதைச் சுழற்றிப் பார்த்தே பிரித்தறிவார்கள்.

பிறகு, முன்பும் பின்பும் எடுத்த மாதிரிகள், பையிலுள்ள ரத்தம் ஆகிய மூன்றிலும் குரூப்பை மறுபடி பார்த்து, நோயாளியின் ரத்தமும் பையிலுள்ள ரத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று கலந்து பார்க்கும் கிராஸ் மேட்சையும் திரும்பச் செய்வார்கள். 1945-இல் இங்கிலாந்தில் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனைதான் நீங்கள் கேள்விப்பட்டது. அந்நிய அணுக்களைத் தாக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கிறதா என்பதை அது காட்டும். ஒட்டியிருந்தால், உரிய திரவத்தைச் சேர்த்ததும் அணுக்கள் திரளும். ஆனால் நெகட்டிவ் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்கள் அனைத்தும் அதற்குள் உடைந்து போயிருந்தாலும் விடை நெகட்டிவ் என்றே வரக்கூடும். அதனால்தான் பிளாஸ்மாவின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பையில் கிருமி வளர்கிறதா என்ற சோதனையின் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், எஞ்சும் காரணம் பெரும்பாலும் வெள்ளணுக்கள்தான். பி பாசிட்டிவ் என்பது ஏ, பி, ஓ, ஆர்.எச். பொருத்தத்தை மட்டுமே சொல்கிறது. கொடையாளரின் வெள்ளணுக்கள் பையில் இருக்கும்போதே காய்ச்சலைத் தூண்டும் பொருட்களை வெளியிடுகின்றன. பிள்ளை பெற்ற பெண்களின் உடலில், கருவின் வழியே வந்த அந்நிய வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இருக்கலாம். அடுத்த முறை ரத்தம் தேவைப்பட்டால், வெள்ளணுக்கள் வடிகட்டப்பட்ட ரத்தம் வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு வாரம் ஒன்றைக் கவனியுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, ஏற்றிய பிறகு உயர்ந்த ஹீமோகுளோபின் காரணமின்றி இறங்குவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று கூம்ப்ஸ் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். கிட் என்ற ரத்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இதில் பேர்போனது. ரத்தம் ஏற்றும் நாளில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருந்து, சில நாட்களில் பெருகி அணுக்களை அழிக்கும். சில மாதங்களில் மறுபடி குறைந்து, அடுத்த கிராஸ் மேட்சிலும் தெரியாமல் போய்விடும். அப்படி ஏதேனும் கண்டறியப்பட்டால் ரத்த வங்கி தரும் அறிக்கையின் நகலை டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து வைத்து, வேறு மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.